பிறந்த ஊரிலேயே விண்ணப்பம் போடச் சொன்னால் கோபம் வராதா?

கடிதம் சொல்வது

சிசிலியிலிருந்து 24 வயதுத் தமிழ்ப் பெண் ஒருவர் எட்டுப் பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். ஊர், பெயர், வேலையிடம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய பெற்றோர் தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து போனவர்கள். அவர் இத்தாலியில் பிறந்தார். 18 வயது நிறைந்ததும் அப்பா கையோடு கொமூனேக்கு, அதாவது நகராட்சி அலுவலகத்துக்கு, கூட்டிப்போய்க் கையெழுத்து வைக்கச் செய்ததால், அப்போதே இத்தாலியக் குடியுரிமை கிடைத்துவிட்டது. அவர் விரும்பும் 23 வயது இளைஞரும் அதே ஊரில் பிறந்தவர்தான். அவருடைய பெற்றோர் கானாவின் குமாசியிலிருந்து வந்தவர்கள். பள்ளியில் அவருக்கு ஓர் இத்தாலியப் பெயர், வீட்டில் கானாவின் அக்கான் மக்கள் வழக்கப்படி பிறந்த கிழமையின் பெயர். எட்டு வயதில் குமாசியில் இருக்கும் அம்மம்மாவிடம் அனுப்பப்பட்டு, பத்து வயதில் திரும்பி வந்திருக்கிறார். 18 வயதானபோது குடியுரிமை பற்றி வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. பிறகு விசாரிக்கப் போன இடத்தில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் கணினியைக்கூடத் திறந்து பார்க்காமல், "நடுவில் இரண்டு வருடம் இங்கே இல்லையே, 19 வயதும் தாண்டிவிட்டதே, முடிந்தது" என்று அனுப்பிவிட்டாராம். அன்றிலிருந்து, "பிறந்த ஊரில் என்னை ஏற்றுக்கொள் என்று நான் ஏன் கெஞ்ச வேண்டும்? எனக்கு இந்தப் பேப்பரே வேண்டாம், லண்டனுக்குப் போகிறேன்" என்கிறார். குமாசியில் பிள்ளைகள் அவருடைய ட்வி மொழியைக் கேட்டுச் சிரித்தார்கள். இங்கே பேருந்தில் "நல்லா இத்தாலியன் பேசுறியே" என்று பாராட்டுகிறார்கள். இரண்டும் அவருக்கு ஒரே மாதிரித்தான் வலிக்கிறதாம்.

பெண் கேட்பவை இவை. நான் கல்யாணம் கட்டினால் அவருக்கு உடனே குடியுரிமை கிடைக்குமா? குடியுரிமை விதியைத் தளர்த்துவதற்கான 2025 வாக்கெடுப்பும் தோற்றுவிட்டதே, வேறு வழி இருக்கிறதா? நானும் இங்கேதான் பிறந்தேன், எனக்கு இப்படியெல்லாம் தோன்றியதில்லை, அவர் ஏன் இதைப் பெரிதாக்குகிறார்? வீட்டில் அம்மா ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறார், என்ன செய்வது?

பதில்

தங்கச்சி, நான் குடியுரிமை, வதிவிட வழக்குகள் பார்க்கிற வழக்கறிஞர், மனநல ஆலோசகர் அல்ல. ஆனால் இந்த மேசைக்கு வருகிற கோப்புகளில் பாதி, சட்டக் கேள்வி மாதிரி வந்து கடைசியில் "நான் யார்" என்பதில்தான் போய் நிற்கும். உங்கள் கடிதமும் அப்படித்தான். நீங்கள் இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டிருக்கிறீர்கள்: பேப்பர் கிடைத்தால் அவர் மனம் ஆறிவிடும் என்று. அவரும் அதே முடிச்சை மறுபக்கத்திலிருந்து இழுக்கிறார்: பேப்பரை மறுத்தால் மானம் மிஞ்சும் என்று. என் கருத்தில் இரண்டுமே சரியில்லை.

முதலில் அவருடைய கோபத்தைப் பார்ப்போம், ஏனென்றால் அதில் நியாயம் இருக்கிறது. இத்தாலியின் குடியுரிமைச் சட்டம் 1992ஆம் ஆண்டின் 91ஆம் இலக்கச் சட்டம். அது இரத்த உறவை வைத்துப் போகிறது. வெளிநாட்டுப் பெற்றோருக்கு இத்தாலியில் பிறந்த பிள்ளை, பிறந்தது முதல் 18 வயது வரை இடைவிடாமல் சட்டப்படி அங்கே வசித்திருந்தால், 18க்கும் 19க்கும் இடையிலான அந்த ஒரே வருடத்தில் போய் "நான் குடிமகனாக விரும்புகிறேன்" என்று அறிவிக்கலாம். அதைத் தவறவிட்டால் பெரியவர்களுக்கான நீண்ட வரிசையில் நிற்க வேண்டியதுதான். இதைத் தளர்த்த ஒரு மசோதா 2015இல் கீழவையில் நிறைவேறி, 2017 டிசம்பரில் மேலவையில் குறைந்தபட்ச வருகை (கோரம்) இல்லாமல் கிடப்பில் போனது. போதிய உறுப்பினர்கள் வந்து உட்காரவில்லை, அவ்வளவுதான். அந்த ஆண்டு உங்கள் நண்பருக்குப் பதினைந்து வயது இருந்திருக்கும்.

கால்பந்து வீரர் மரியோ பலோத்தெல்லி கதை உங்கள் ஊர்ப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். 1990இல் பலெர்மோவில் கானாப் பெற்றோருக்குப் பிறந்தவர். வடக்கே பிரெஷா பக்கம் ஓர் இத்தாலியக் குடும்பத்தில் வளர்ந்தவர். அவருக்கே 2008 ஆகஸ்டில், 18 வயது நிறைந்த பிறகுதான் குடியுரிமை கிடைத்தது. அதன்பின் நாட்டுக்காக ஆடினார். அப்படியும் மைதானங்களில் "கறுப்பு இத்தாலியர் என்று யாரும் இல்லை" என்று கூட்டமாகக் கத்தினார்கள். கைப்பந்து வீராங்கனை பாவோலா எகோனு நைஜீரியப் பெற்றோருக்கு வடக்கு இத்தாலியில் பிறந்தவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இத்தாலிப் பெண்கள் அணி முதல்முறை தங்கம் வாங்கியபோது அந்த அணியின் முகமே அவர்தான். ரோமில் ஒரு சுவரில் அவரை வரைந்தார்கள். ஓரிரு நாளிலேயே யாரோ வந்து அந்த ஓவியத்தில் தோல் நிறத்தின் மேல் இளஞ்சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்கள். இவர்கள் இருவரிடமும் பாஸ்போர்ட் இருந்தது. ஆகவே "பேப்பர் எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று தயவுசெய்து அவரிடம் சொல்லாதீர்கள். அது உண்மையில்லை என்று உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் நீங்கள் சொல்லும்போதெல்லாம் அவர் எரிந்து விழுகிறார்.

"எனக்கு இப்படித் தோன்றியதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி, பூங்காவனம், பிறந்தநாள் மண்டபம், ஒன்றுவிட்ட அண்ணன்மார் என்று ஒரு முழு ஊர் சுற்றி இருந்தது. 18 வயதில் அப்பா கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். இன்னொன்றும் உண்டு. சிசிலியில் தமிழன் என்றால் வீட்டு வேலைக்கும் வயோதிபரைப் பார்க்கவும் வருகிற சத்தமில்லாத ஆள் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அதுவும் ஒரு சிறுமைதான், ஆனால் அதனால் இரவு பதினொரு மணிக்குத் தெருமுனையில் உங்களை நிறுத்தி ஆவணம் கேட்பதில்லை. அவரை நிறுத்துகிறார்கள், நீங்களே மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள், எழுதிவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்கள். ஒரே ஊரில் பிறந்த இரண்டு பேருக்கு அந்த ஊர் ஒரே முகத்தைக் காட்டுவதில்லை.

இனி சட்டம்: கதவு உண்மையிலேயே மூடிவிட்டதா?

இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் சொன்னதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டதுதான் இதில் பெரிய பிழை. 2013இல் வந்த ஒரு திருத்தம் இரண்டு விஷயம் சொல்கிறது. ஒன்று, 18ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் கொமூனே அந்தப் பிள்ளையின் பதிவு விலாசத்துக்கு, "உனக்கு இந்த உரிமை இருக்கிறது, இந்தத் தேதிக்குள் வா" என்று கடிதம் அனுப்ப வேண்டும். அனுப்பவில்லை என்றால் 19 வயது என்ற எல்லை அவரைக் கட்டுப்படுத்தாது, பிறகும் போய் அறிவிக்கலாம். இரண்டு, பெற்றோரோ அரச அலுவலகமோ செய்யத் தவறியதைப் பிள்ளையின் தலையில் கட்டக்கூடாது. பதிவில் ஓட்டை இருந்தால் பள்ளிச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, மருத்துவப் பதிவு போன்ற வேறு ஆவணங்களால் அதை அடைக்கலாம். அவருக்கு 18 ஆனது 2020இல். அந்த வருடம் அலுவலகங்கள் எந்த நிலையில் இருந்தன என்று உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கடிதம் வந்ததா என்று வீட்டில் கேளுங்கள். அதைவிட முக்கியம், அனுப்பியதற்கான பதிவைக் காட்டச் சொல்லி கொமூனேயிடம் எழுத்தில் கேளுங்கள்.

குமாசியில் இருந்த அந்த இரண்டு வருடம்தான் சிக்கல். பதிவில் ஓட்டை வேறு, ஆள் உண்மையிலேயே வெளிநாட்டில் இருந்தது வேறு. குடும்ப மையம் இத்தாலியிலேயே இருந்தது, படிப்புக்காகவும் குடும்பக் காரணத்துக்காகவும் தற்காலிகமாகத்தான் போனார் என்று வாதாட இடம் உண்டு, ஆனால் வெற்றி நிச்சயம் என்று நான் சொல்ல மாட்டேன். முதல் வேலையாக வதிவிட வரலாற்றுச் சான்றிதழ் எடுங்கள். அந்த இரண்டு வருடத்தில் அவருடைய பெயரைப் பதிவிலிருந்து வெட்டினார்களா, இல்லையா என்பது அதில் தெரியும். வெட்டவில்லை என்றால் வாதம் கொஞ்சம் பலமாகும். ஆனால் "நான் போகவே இல்லை" என்று எழுதித் தர வேண்டாம், யார் யோசனை சொன்னாலும் சரி. கானாப் பள்ளி ரிப்போர்ட்டும் பாஸ்போர்ட் முத்திரையும் ஒருநாள் மேசைக்கு வரும், அப்போது நல்ல வழக்கும் கெட்டுப்போகும். கொமூனே எழுத்தில் மறுத்தால் சிவில் நீதிமன்றத்துக்குப் போகலாம், ஏனென்றால் இது சலுகை கேட்பது அல்ல, உரிமை.

மற்ற வழிகள்

வாக்கெடுப்பு தோற்றதால் எல்லாம் போச்சு என்கிறீர்கள். 2025 ஜூன் 8, 9 தேதிகளில் நடந்தது வேறு கேள்வி. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வந்த பெரியவர்கள் விண்ணப்பிக்கப் பத்து வருடம் வசித்திருக்க வேண்டும் என்பதை ஐந்தாகக் குறைக்கலாமா என்றுதான் கேட்டார்கள். பாதிக்கு மேல் வாக்காளர் வந்தால்தான் செல்லும். முப்பது சதவீதம் அளவில்தான் வந்தார்கள். உங்கள் நண்பருக்கு அந்தப் பத்து வருடக் கணக்கே கிடையாது. இத்தாலியில் பிறந்தவர் பெரியவரான பிறகு விண்ணப்பித்தால் மூன்று வருடச் சட்டபூர்வ வதிவிடம் போதும். அது அவரிடம் தாராளமாக இருக்கிறது.

ஆனால் இந்த வழியில் வருமானம் காட்ட வேண்டும். தனி ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 8,300 யூரோ, மூன்று ஆண்டுக்கு, வரிக்கணக்கில் தெரியும்படி. அவர் சமையலறை வேலையில் பாதி ஒப்பந்தத்திலும் பாதி கையில் காசாகவும் வாங்குகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த "நேரோ" காசு அரசாங்கத்துக்குக் கண்ணில் படாத காசு, அதனால் அவருடைய கோப்புக்கும் உதவாது. முதலாளியிடம் முழு ஒப்பந்தம் கேட்பது பாஸ்போர்ட்டுக்கான வேலைதான் என்று அவருக்குச் சொல்லுங்கள். கட்டணம் 250 யூரோ. முடிவுக்கு 24 மாதம், நீண்டால் 36. மொழிச் சான்றிதழும் கேட்பார்கள். இத்தாலியப் பள்ளியில் படித்து முடித்த சான்றிதழ் இருந்தால் அது போதும், தனியாகப் பரீட்சை எழுத வேண்டாம். சந்தையில் சிசிலி மொழியிலேயே பேரம் பேசுகிற ஒருவரிடம் இத்தாலியன் தெரியுமா என்று கேட்பது எரிச்சல்தான். இருந்தாலும் அந்தச் சான்றிதழைத் தேடி எடுத்து வையுங்கள்.

கல்யாணம். "உடனே" கிடைக்காது. இத்தாலியக் குடிமகளைக் கட்டியவர், கட்டிய பிறகு இத்தாலியில் இரண்டு வருடம் வசித்த பின்தான் விண்ணப்பிக்க முடியும்; பிள்ளை பிறந்தால் அது பாதியாகும். அதற்கு மேல் அந்த 24 முதல் 36 மாதம். வருமானக் கணக்கு இல்லை என்பதும், மறுப்பதற்கு அரசுக்கு இருக்கும் காரணங்கள் குறைவு என்பதும் இதில் உள்ள அனுகூலம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள், இன்று மூன்று வருட வழியில் போட்டாலும் கிட்டத்தட்ட அதே சமயத்தில், அல்லது அதற்கு முன்பே, முடிவு வந்துவிடலாம். அப்படியிருக்க, ஏற்கெனவே கெஞ்சுவதாக நினைக்கிற ஒருவரிடம் "என்னைக் கட்டு, பேப்பர் வரும்" என்று சொன்னால் அவர் காதில் அது எப்படி விழும்? கட்டுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விருப்பம் இருப்பதால் கட்டுங்கள். குடியுரிமை அதன் பின்னால் வருகிறபோது வரட்டும்.

இடைப்பட்ட காலத்துக்கு அவருடைய பெர்மெசோ, அதாவது வதிவிட அனுமதி அட்டை, என்ன வகை என்று பாருங்கள். ஐந்து வருடச் சட்டபூர்வ வதிவிடமும் ஓரளவு வருமானமும் இருந்தால் ஐரோப்பிய நீண்டகால வதிவிட அட்டைக்குப் போடலாம். வேலை போனால் அட்டையும் போய்விடுமோ என்ற பயம் அதில் பெரிதும் குறையும். பிறந்த ஊரிலேயே அட்டை காலாவதியாகி நிற்கிற பிள்ளைகளை நான் அடிக்கடி பார்க்கிறேன். அலட்சியத்தால் வருவதைவிட, குவெஸ்தூரா என்ற காவல்துறை அலுவலக வரிசையில் இன்னொரு முறை போய் நிற்க மனம் வராமல் விட்டுவிடுவதால்தான் அது அதிகம் நடக்கிறது.

லண்டன் என்ற கனவு

இதை மட்டும் அவரிடம் நேரடியாகவே சொல்லுங்கள். இத்தாலியில் வளர்ந்த கானாப் பிள்ளைகள் பலர் இங்கிலாந்து போனது உண்மை. ஆனால் அது பழைய கதை. பிரெக்சிட்டுக்குப் பிறகு, 2021 தொடக்கத்திலிருந்து, இத்தாலியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கே அங்கே வேலை செய்ய விசா வேண்டும். கானாப் பாஸ்போர்ட்டும் இத்தாலிய வதிவிட அட்டையும் வைத்துக்கொண்டு போய் இறங்கினால், இங்கே அரைகுறையாக இருக்கிற நிலை அங்கே முழுச் சட்டவிரோதமாகிவிடும். அதோடு இத்தாலியில் ஓடிக்கொண்டிருக்கும் வதிவிடக் கணக்கும் அறுந்துவிடும்.

வெளியே போகத்தான் வேண்டும் என்றால் ஜெர்மனியோ நெதர்லாந்தோ பாருங்கள். நீங்கள் ஒன்றியக் குடிமகள். நீங்கள் அங்கே வேலைக்குப் போனால், உங்கள் கணவராக அவருக்கும் அங்கே வசிக்கவும் வேலை செய்யவும் உரிமை உண்டு. இது உங்களுக்குத் தெரியாது போல இருக்கிறது, கடிதத்தில் எங்கும் இல்லை. அதேபோல், இத்தாலியக் குடியுரிமை எடுத்தால் கானாவை விட வேண்டும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தால் அதுவும் தவறு. இத்தாலி 1992 முதலே இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது. கானாவும் 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதிக்கிறது, சில உயர் பதவிகளுக்கு மட்டும்தான் தடை. நம் இலங்கை மாதிரி, வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தால் பழையது போய்விடும், தனியாக விண்ணப்பித்துத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்கிற சங்கடம் அங்கே இல்லை.

வீடுகள்

அவர் தன் பெற்றோர்மேல் வைத்திருக்கிற கோபத்தைப் பற்றி ஒரு வார்த்தை. "என்னை எட்டு வயதில் தூக்கி எறிந்தார்கள், அதனால்தான் இந்த ஓட்டை" என்கிறார். குமாசிப் பக்கத்து அக்கான் மக்களான அசாந்திகளிடம் வம்சம் தாய்வழியில் போகிறது, அபுசுவா என்பார்கள். அம்மாவின் அம்மா வீடுதான் பிள்ளையின் சொந்த வீடு. இருவருமே இரவு வேலைக்குப் போன பெற்றோர் அவரை அந்நியரிடம் விட்டதாக நினைத்திருக்க மாட்டார்கள், அவருடைய வீட்டுக்கே அனுப்பியதாக நினைத்திருப்பார்கள். அந்த இரண்டு வருடம் இத்தாலியச் சட்டத்தின் கண்ணில் ஓட்டையாகத் தெரியும் என்று யார் அவர்களுக்குச் சொன்னார்கள்? அவர் மன்னிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அம்மாவிடம் உட்கார்ந்து அந்த வருடங்களைப் பற்றிக் கேட்கலாம். கோப்புக்கும் அது தேவைப்படும்.

உங்கள் அம்மா. அவர் சொன்ன சொல்லை நான் இங்கே எழுதவில்லை, நம் ஆட்களுக்கு எந்தச் சொல் என்று தெரியும். அதை மெல்லமாகச் சொன்னாலும் சிரித்துக்கொண்டு சொன்னாலும் அது வசைதான். "அந்தக் காலத்து ஆள்" என்று நீங்கள் விட்டுக்கொடுத்தால், தெருவில் கேட்பதை உங்கள் நண்பர் உங்கள் வீட்டு மேசையிலும் கேட்க வேண்டி வரும். "பிறக்கிற பிள்ளை முழுக்க அவங்கட ஆள் ஆகிவிடும்" என்று அம்மா பயப்படுகிறாராம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. தாய்வழிக் கணக்குப்படி பார்த்தால், உங்களுக்குப் பிறக்கிற பிள்ளை உங்கள் நண்பருடைய அம்மாவின் அபுசுவாவில் சேராது. அப்பா பெயர் வைப்பார், பாசம் காட்டுவார்கள், ஆனால் வம்சம் உங்களுடையது. அந்தப் பக்கத்து மாமியாருக்கும் இதே கவலை தலைகீழாக இருக்கக்கூடும்.

அம்மா ஆண்டுதோறும் பலெர்மோவுக்குப் போய் மொந்தே பெல்லெக்ரினோ மலையேறி சாந்த ரொசாலியாவுக்கு மெழுகுதிரி கொளுத்துகிறவர் என்கிறீர்கள். சைவக் குடும்பமாக இருந்தும் போகிறார். நம் ஆட்கள் நிறையப் பேர் அப்படித்தான். அதே பலெர்மோவுக்கு இன்னொரு காவல் புனிதரும் உண்டு, சான் பெனெதெத்தோ. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட பெற்றோருக்கு 1520களில் சிசிலியின் சான் ஃபிராத்தெல்லோவில் பிறந்தவர், துறவியாகிப் பலெர்மோவில் 1589இல் இறந்தார், 1807இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். சிசிலியில் பிறந்த ஆப்பிரிக்கப் பிள்ளை நேற்று முளைத்த விஷயம் இல்லை என்று அம்மாவுக்குச் சொல்லிப் பாருங்கள். பலன் உண்டோ இல்லையோ, அடுத்த முறை மலைக்குப் போகும்போது உங்கள் நண்பரையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிக் கேட்க ஒரு சாக்கு கிடைக்கும். சட்டப்படி உங்கள் இருவருக்கும் யாருடைய சம்மதமும் வேண்டாம். கானாத் தூதரகத்திலிருந்து திருமணத்துக்குத் தடையில்லை என்ற நுல்லா ஒஸ்தா மட்டும் அவர் எடுக்க வேண்டும்.

அவரிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டிருந்தீர்கள். இந்தப் பதிலை அச்சடித்துக் கொண்டுபோய் நீட்ட வேண்டாம், அது இன்னொரு கவுண்டர் போல ஆகிவிடும். குடியுரிமை என்பது ஒட்டுமொத்த நாட்டிடம் அன்பு கேட்பதல்ல. வாக்குப் போட, அரச வேலைப் பரீட்சை எழுத, யாரும் நாட்டைவிட்டு அனுப்ப முடியாமல் இருக்க, ஜெர்மனியில் வேலைக்குப் போக ஒரு கருவி. அதை எடுத்துக்கொண்டே அவர் கோபமாக இருக்கலாம். கோபக்காரருக்கும் வாக்கு இருந்தால் நல்லதுதானே? உண்மையில் அந்த 1992 சட்டத்தை மாற்ற வேண்டும் என்றால் அவர் மாதிரி ஆட்கள்தான் வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும். எடுக்கவே மாட்டேன் என்று எல்லாம் தெரிந்த பிறகும் சொன்னால், அது அவருடைய முடிவு. நீண்டகால அட்டையோடு வாழலாம், பலர் வாழ்கிறார்கள். தெரியாமல், ஒரு கவுண்டரில் இருந்தவர் சொன்னதை நம்பி விட்டுவிடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இந்த வாரம் இரண்டே வேலை. வதிவிட வரலாற்றுச் சான்றிதழ் ஒன்று. 2020இல் கடிதம் அனுப்பிய பதிவைக் கேட்டு ஒரு கோரிக்கை. அந்தக் கோரிக்கையைப் பதிவுத் தபாலிலோ, பெக் என்கிற சான்றளிக்கப்பட்ட மின்னஞ்சலிலோ அனுப்புங்கள், வாயால் கேட்டு வர வேண்டாம். இரண்டையும் அவர் பெயரில், அவர் கையெழுத்தோடுதான் போட வேண்டும், ஆகவே முதலில் அவர் சம்மதம். பதிவு இல்லை என்று பதில் வந்தால், அல்லது முப்பது நாளாகியும் பதிலே வராவிட்டால், அதை எடுத்துக்கொண்டு உங்கள் ஊரில் குடியுரிமை வழக்குப் பார்க்கும் ஒரு வழக்கறிஞரிடம் போங்கள். வருமானம் குறைவு என்றால் அரச செலவில் வழக்கறிஞர் கேட்கவும் அவருக்கு வழி உண்டு.